வில்ஃப்ரின் ஆடாத ஆட்டங்கள்

எங்கள் கடலோர ஊரான நிசாவோவில் பகல் பன்னிரண்டரை மணிக்குத் தெருவில் ஆள் இருக்காது. அடுப்பில் சிவப்பு அவரை கொதித்துக்கொண்டிருக்கும், ரேடியோவில் விகோ பேசிக்கொண்டிருப்பார். கரண்ட் போன நாளில் பேட்டரி ரேடியோ வைத்திருப்பவர் வீட்டு வாசலில் நாலு குடும்பம் கூடும். நிகழ்ச்சி இருபத்திரண்டு நிமிஷம்தான். அதற்குப் பெயர் ‘நம்ம பிள்ளைங்க’.

அந்த இருபத்திரண்டு நிமிஷமும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவருடைய மைக்கைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவள் நான். என் பெயர் நூரிஸ். நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. விகோவின் முழுப்பெயர் லியோவிகில்தோ மாத்தேயோ என்பதே அவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எங்கள் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஓர் அமெரிக்க பேஸ்பால் அணியின் பயிற்சிக்கூடம் இருந்தது. அணியின் பெயரைச் சொல்ல மாட்டோம், ‘நீலத்தொப்பிக்காரங்க’ என்போம். ஒவ்வொரு ஜூலை இரண்டாம் தேதியும் பதினாறு வயதுப் பையன்களை அவர்கள் ஒப்பந்தம் போட்டு எடுப்பார்கள். அன்று விகோ விடியற்காலையிலேயே பயிற்சிக்கூடத்தின் வாசலுக்குப் போய் நின்றுவிடுவார். கையெழுத்துப் போட்டு வெளியே வரும் பையனின் பெயரை அங்கிருந்தே போனில் சொல்வார், நான் அதை அப்படியே ஒலிபரப்புவேன். ஊரில் சந்தோஷத்தில் தகரத்தைத் தட்டுகிற சத்தம் நிலையத்துக்குள் வரை கேட்கும்.

கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடாது. அங்கிருந்து பெரிய மைதானம் வரை ஆறு படி. முதல் படி நம் ஊரிலேயே, அடுத்தது ஃப்ளோரிடா, அதற்கப்புறம் பெயர் வாயில் நுழையாத மலையூர்கள், சோளக்காட்டு ஊர்கள். நூறு பேர் ஏறினால் இரண்டு பேரோ மூன்று பேரோ மேலே போவார்கள். மற்றவர்களை ஏதாவது ஒரு படியில் நிறுத்தி, கையில் ஒரு விமான டிக்கெட்டைக் கொடுத்து, போய்விட்டு வா என்று சொல்லிவிடுவார்கள். பெரிய அணி நேற்று ஜெயித்ததா தோற்றதா என்று கேட்டால் விகோ விழிப்பார். ஆனால் கீழ்ப்படிகளில் ஆடும் நம் பையன்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. யாருக்கு முழங்கை வலிக்கிறது, யாருக்கு அந்த ஊர்ச் சாப்பாடு இறங்கவில்லை, யாரை ஒரு படி கீழே தள்ளப் பார்க்கிறார்கள் எல்லாம் தெரியும். தினமும் காலையில் நெட் சென்டருக்குப் போய் முந்தைய நாள் ஆட்டக் கணக்கை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் நம் ஊர்ப் பெயர்களைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு வருவார்.

படிப்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார். பூஜ்யத்தைப் படிக்கவே மாட்டார். ஒரு பையன் நாலு தடவை மட்டை பிடித்து நாலு தடவையும் வெளியேறியிருந்தால், “நேத்து நம்ம பையன் ஒன்பது இன்னிங்ஸும் நின்னான்யா. முப்பத்தாறு டிகிரி வெயில். ஒரு பந்தைக்கூட கையிலேர்ந்து நழுவ விடலை,” என்பார். அது பொய் இல்லை. நழுவ விட்டிருந்தால் அதைச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் அவர் ரேடியோவில் படித்ததில்லை. ஒரு பையனை அணியிலிருந்து கழற்றிவிட்ட செய்தி. அது வந்த அன்று பதினொரு மணிக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தே போவார். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்வார். அழுகிறவர்கள் அழுது முடிக்கும்வரை இருப்பார். அதனால் வெள்ளைச் சட்டையில் விகோ தெருவில் வந்தால் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வதும் உண்டு. “எங்க வீட்டுக்கு இல்லையே அண்ணே?” என்று ஜன்னல் வழியாகக் கேட்பார்கள். இல்லை என்று தலையாட்டிக்கொண்டே அவர் நடப்பார்.

ஏன் இந்த வேலை என்று ஒரு தடவை கேட்டேன்.

“என்னை அனுப்பினப்போ எனக்குப் பத்தொம்பது வயசு, நூரிஸ். தோள்பட்டை போச்சு. பஸ்ஸுல வந்தவன் ஊருக்கு ரெண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கிட்டேன். மூணு நாள் கரும்புத் தோட்டத்துல படுத்துக் கெடந்தேன், வீட்டுக்கு வர பயந்துகிட்டு. எங்கம்மாவுக்கு யாரோ கடைத்தெருவுல சிரிச்சுகிட்டே சொல்லியிருக்கான். யாராவது ஒரு மனுஷன் முன்னாடியே வீட்டுக்குப் போயி மரியாதையா சொல்லியிருந்தா, நான் நேரா வீட்டுக்கு வந்திருப்பேன்.”

கசில்தா கடற்கரைப் பாலத்தருகே ஒரு பாதாம் மரத்தடியில் மீன் வறுத்து விற்றாள். புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பையன்கள். மூத்தவன் தனிலோ மோட்டார் சைக்கிள் ஓட்டி ஆட்களை ஏற்றி இறக்கிப் பிழைத்தான். இளையவன் வில்ஃப்ரின், இரண்டாயிரமாவது வருஷம் நீலத்தொப்பிக்காரர்கள் எடுத்த பையன். அவர்கள் கொடுத்த பணத்தில் வீட்டுத் தகரக் கூரை கான்கிரீட் ஆனது. வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் பையன் கெட்டிக்காரன். நாலு வருஷத்தில் மூன்று படி ஏறி ஒரு மலையூரில் ஆடிக்கொண்டிருந்தான்.

விகோவுக்குக் கசில்தாவின் மேல் பிரியம். அவருடைய மனைவி அவரை விட்டுவிட்டுப் புவெர்த்தோ ரிக்கோவுக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. வில்ஃப்ரினின் கணக்கை அவர் எப்போதும் கடைசியில்தான் படிப்பார். மற்ற பையன்களுக்கு ஒரு நிமிஷம் என்றால் இவனுக்கு நாலு நிமிஷம். மளிகைக்கடை பெர்சியோ அவரை விடமாட்டான்.

“என்ன விகோ, நேத்து வில்ஃப்ரின் கொட்டாவி விட்டதைக்கூட சொல்லிட்ட. அவங்கம்மாவைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சேர்த்துக்கோயேன், ஊரே கேக்கட்டும்.”

“உன் கடைத் தராசைப் பத்தி ரெண்டு வார்த்தை சேர்க்கிறேன் இரு. அதையும் ஊரே கேக்கட்டும்,” என்பார் விகோ.

கசில்தாவுக்கு மட்டும் அது தெரியவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இரண்டாயிரத்து நாலு ஏப்ரலில் தனிலோ போய்விட்டான். நெடுஞ்சாலையில் மணல் லாரி மோதியது. சாவுக்கு வர வில்ஃப்ரினுக்கு லீவு கிடைக்கவில்லை, சீசன் தொடங்கும் நேரம். ஒன்பது நாள் பிரார்த்தனை முடிந்த பிறகும் கசில்தா அடுப்புப் பற்றவைக்கவில்லை. யாரோடும் பேசவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயில் ஊட்டினால் ரெண்டு கரண்டி சாப்பிடுவாள். ஆனால் பன்னிரண்டரைக்கு எழுந்து நடந்து பெர்சியோ கடைக்கு வந்து ரேடியோ அருகில் ஒரு சோடாப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிடுவாள். நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். அந்த இரண்டு மாதமும் விகோ அவள் ஒருத்திக்காகத்தான் படித்தார். வில்ஃப்ரினும் ஆடினான். மே மாதம் முழுக்க நன்றாக ஆடினான். ஜூன் பாதியில் அவள் மறுபடியும் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள்.

ஜூன் கடைசியில் அவன் ஆட்டம் படுத்துவிட்டது. விகோ வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் அதிகமாகப் பேசத் தொடங்கினார்.

ஜூலை ஏழாம் தேதி காலை அவர் நிலையத்துக்கு வந்தபோது கையிலிருந்த அச்சுத்தாளில் கடைசி வரியைச் சுற்றி வட்டம் இருந்தது. என்னிடம் நீட்டினார். அணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் பட்டியல். வில்ஃப்ரின் அதாமெஸ்.

“சட்டை எங்க?” என்று மட்டும் கேட்டார்.

வெள்ளைச் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. போட்டுக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் வறுத்த மீன் நாலு, இன்னும் சூடு ஆறவில்லை.

“சொல்லிட்டீங்களா அண்ணே?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சிரிச்சுகிட்டு இருந்தா நூரிஸ். பக்கத்துல ஒரு பொம்பளை ஏதோ சொல்லியிருக்கா, கசில்தா வயித்தைப் பிடிச்சுகிட்டு சிரிக்கிறா. ஏப்ரலுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் அவ பல்லைப் பார்க்கிறேன். திரும்பினா, என்னைப் பார்த்தா. சட்டையைப் பார்த்தா.” கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கையிலிருந்த கரண்டி கீழ விழுந்துடுச்சு. ‘விகோ, எதுக்கு வந்த? சொல்லு, எதுக்கு வந்த?’ங்கிறா. நான் மீன் வாங்க வந்தேன்னு சொல்லிட்டேன்.”

“சட்டைக்கு என்ன சொன்னீங்க?”

“மத்ததெல்லாம் துவைக்கப் போட்டிருக்கேன்னேன்.”

மீன் வாசனை அறை முழுக்க நிறைந்தது.

“நாளைக்குச் சொல்லிடறேன்,” என்றார். “இன்னிக்கு ஒருநாள் சிரிக்கட்டும்.”

“அப்போ இன்னிக்கு அவன் பேரைப் படிக்காம விட்டுடுங்க.”

“விட்டா அவளுக்குத் தெரிஞ்சு போகும்.”

பன்னிரண்டரைக்கு நான் மைக்கைத் திறந்தேன். மற்ற பையன்களை வேகமாகப் படித்துவிட்டு, தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் சொன்னார்: “நம்ம வில்ஃப்ரின்... நேத்து நாலு தடவை மட்டை பிடிச்சான், ரெண்டு ஹிட்! படுத்துப் போன ஆட்டம் திரும்பி வந்துடுச்சு ஐயா, வந்துடுச்சு!” நான் மைக்கை மூடியிருக்கலாம். என் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. மூடவில்லை.

மறுநாள் அவர் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

பிறகு அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. மலையூர் அணியின் உண்மையான ஆட்டக் கணக்கைப் பார்த்து, வில்ஃப்ரின் இடத்தில் இப்போது ஆடுகிறவன் எப்படி ஆடினான் என்று கவனித்து, அதற்குப் பக்கத்தில் தன் பையனுக்கு ஒரு கணக்கு எழுதுவார். அளவுக்கு மீறமாட்டார். இரண்டு நாள் நன்றாக ஆடினால் மூன்றாம் நாள் வெயிலைப் பற்றிப் பேசுவார். ஆகஸ்ட் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அவனைக் கீழே இறக்கிவிட நினைத்தார். சீசன் முடியும்போது அவனை அனுப்பிவிட்டார்கள் என்றால் அது இயற்கையாக இருக்கும், அவளுக்கும் அதிர்ச்சி குறையும் என்று என்னிடம் சொன்னார். கணுக்கால் சுளுக்கு என்று ஒருநாள் படித்தார். அன்று சாயங்காலமே கசில்தா நிலையத்துக்கு வந்துவிட்டாள், நெற்றியெல்லாம் வியர்வை.

“எந்தக் கால் விகோ? கட்டுப் போட்டிருக்காங்களா?”

“ஒண்ணுமில்ல கசில்தா, சும்மா சுளுக்கு. நாளைக்கு ஓடுவான் பாரு.”

மறுநாள் வில்ஃப்ரின் ஹோம் ரன் அடித்தான்.

“பையன் உங்கிட்ட போன்ல பேசறானா?” என்று அடுத்த தடவை அவள் நிலையத்துக்கு வந்தபோது அவர் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தார்.

“பேசறானே. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, பெர்சியோ கடைக்கு. நல்லா இருக்கேம்மாங்கிறான். ரேடியோவுல என்னம்மா சொன்னாங்கன்னு கேப்பான். நான் எல்லாம் சொல்வேன். ஆமாம்மா, ஆமாம்மாங்கிறான்.”

அவள் போன பிறகு விகோ சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். பையன் அங்கே எங்கேயோ இருக்கிறான், வீட்டுக்கு வரவில்லை, இவரைப் போலவே அவனும் பொய் சொல்கிறான். அது எங்கள் இருவருக்கும் புரிந்தது. அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். “அவனே சொல்லலை, நான் எப்படிச் சொல்றது?” என்றார். அவருக்கு அது ஒரு சாக்காகிவிட்டது. எனக்கும்தான்.

செப்டம்பர் பத்தாம் தேதி, சீசன் முடிந்து எலிசேர் வந்தான். எங்கள் ஊர்ப் பையன், அதே மலையூர் அணியின் பந்து வீச்சாளன். கசில்தா ஒரு தட்டு மீனை எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்க பெர்சியோ கடைக்கு ஓடினாள். கடை நிறைய ஆட்கள். நான் சோப்பு வாங்க நின்றுகொண்டிருந்தேன்.

“வாடா ராசா, சாப்பிடு. வில்ஃப்ரின் அடுத்த விமானத்துலயா?”

எலிசேர் மீனை வாயில் வைத்தவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

“உங்ககிட்ட சொல்லலையா அவன்?”

“என்னடா சொல்லலை?”

“அம்மா... அவனை ஜூலையிலேயே அனுப்பிட்டாங்களே. நானே வீட்டுக்குச் சொல்லிக்கிறேன், நீ யாருக்கும் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனான். ரெண்டு மாசமாச்சு, சொல்லியிருப்பான்னுதான் நெனச்சேன்.”

“போடா பைத்தியக்காரா,” என்று கசில்தா சிரித்தாள். “போன வாரம் ஹோம் ரன் அடிச்சான்டா. இவங்க எல்லாரும் கேட்டாங்க. கேளு. பெர்சியோ, சொல்லு இவனுக்கு.”

பெர்சியோ தராசைத் துடைக்கத் தொடங்கினான். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் என் முகத்தில் நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் நிலையத்துக்கு நடந்தாள், நான் பின்னாலேயே ஓடினேன். விகோ மறுநாள் படிக்க வேண்டிய கடைசி ஆட்டக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“எங்க என் பையன்?”

“கசில்தா...”

“எங்க இருக்கான்னு கேட்டேன். தினமும் நீதானே சொல்ற, இன்னிக்கும் சொல்லு. கடைசி ஆட்டத்துல எத்தனை ஹிட்டு? எங்க தூங்கினான்? என்ன சாப்பிட்டான்?”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாது.” அவள் அந்த வார்த்தையை மெல்லத் திருப்பிச் சொன்னாள். “விகோ, அவன் ஆட்டம் போனா எனக்கென்னடா? ஒரு புள்ளையை மண்ணுல போட்டவ நான். ஆட்டம் போச்சுன்னா அழுதிருப்பேன், ஒரு நாள், ரெண்டு நாள். அப்புறம் வாடான்னு கூப்பிட்டிருப்பேன், வந்திருப்பான், பக்கத்துல உட்கார்ந்து மீன் கழுவியிருப்பான். நீ என்னை ரெண்டு மாசம் கைதட்ட வச்சுட்ட. என் புள்ளை எங்கேயோ தெருவுல கெடக்கறப்போ நான் பெர்சியோ கடையில கைதட்டிக்கிட்டு இருந்தேன்.”

“உன் சிரிப்பைப் பார்த்தேன், சொல்ல முடியலை.”

“எனக்குத் தெரியும் உனக்கு எம்மேல பிரியம்னு. ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியாதா? டிசம்பர்ல தனிலோ குழியில மரச்சிலுவையை மாத்திக் கல்லு வச்சுட்டு, உன்னை ஒரு நாள் சாப்பிட வான்னு கூப்பிடலாம்னு இருந்தேன்.” அவள் கண்ணைத் துடைக்கவில்லை. “இனிமே என் தெருப் பக்கம் வராத.”

மறுநாள் பன்னிரண்டரைக்கு விகோ எந்தக் கணக்கும் படிக்கவில்லை. ஜூலை ஏழிலிருந்து தான் என்ன செய்தார் என்பதைத் தேதிவாரியாகச் சொன்னார். மற்ற பையன்களைப் பற்றிப் படித்தது எல்லாம் உண்மை என்று மூன்று தடவை சொன்னார். நிகழ்ச்சி முடிவதற்குள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

“என் கெல்வின் ஆகஸ்ட்ல மூணு ஹிட் அடிச்சானே, அது நெஜமா அண்ணே?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நெஜம்மா.”

“எப்படி நம்பறது?”

அச்சுத்தாள்களை அள்ளிக்கொண்டு வந்து காட்டினார். இங்கிலீஷில் இருந்த அந்தக் கணக்கை அவர்களால் படிக்க முடியவில்லை. இன்னொருத்தி, அவளுடைய பையனை மூன்று வருஷத்துக்கு முன்பே அனுப்பிவிட்டிருந்தார்கள், அன்று வெள்ளைச் சட்டையில் அந்த வீட்டுக்குப் போனவர் விகோதான், ஒன்றும் கேட்காமல் நின்று பார்த்துவிட்டுப் போனாள். கூச்சலைவிட அது அவரை அதிகம் அடித்தது. அந்த வாரமே நிலைய முதலாளி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார். விகோ கான்கிரீட் கல் அறுக்கும் பட்டறையில் பகல் காவலுக்குப் போனார்.

வில்ஃப்ரின் அடுத்த தடவை கூப்பிட்டபோது கசில்தா, “தெரிஞ்சு போச்சுடா, வந்துடு,” என்றாள். அவன் அழுதான். வருகிறேன் என்றான். ஆனால் அதற்குள் அவனுடைய விசா காலாவதியாகியிருந்தது, வடக்கே ஏதோ ஒரு நகரத்தில் ரொட்டி சுடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அந்த நாட்டை விட்டு வந்தால் திரும்பப் போக முடியாது. கையில் ஒன்றும் இல்லாமல் வர அவனுக்குக் கூச்சம். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஐந்து வருஷம் போனது. அவளுக்கு ஒரு செல்போன் வாங்கி அனுப்பினான். அதை மார்புக்குள் செருகி வைத்துக்கொண்டு மீன் வறுப்பாள்.

இரண்டாயிரத்துப் பத்து பிப்ரவரியில், எண்ணெய்ச் சட்டி முன்னாலேயே கசில்தா சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பிணத்துக்குப் பின்னால் ஊரே நடந்தது. விகோ எல்லாருக்கும் கடைசியில் வந்தார், கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வாங்க என்று நான் கூப்பிட்டேன். வராதேன்னு சொல்லியிருக்கா என்றார்.

வில்ஃப்ரினுக்கு அந்த வருஷம் நவம்பரில்தான் ஊருக்குப் போய்வர அனுமதிக்கும் காகிதங்கள் கிடைத்தன. டிசம்பரில் வந்தான். இருபத்தாறு வயது, தொப்பை விழுந்திருந்தது, கையில் நாலு வயதுப் பெண் குழந்தை. அம்மாவின் கல்லறைக்குப் போய்விட்டு வந்து, விகோவைப் பார்க்க வேண்டும் என்றான். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

விகோவுக்கு அப்போது சர்க்கரை வியாதி முற்றி இடது பாதத்தை எடுத்திருந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“அடிக்கணும்னா அடிச்சுடு தம்பி. எழுந்திரிக்க முடியலை, இல்லேன்னா எழுந்து நிப்பேன்.”

“அடிக்க வரலை மாமா.”

அவன் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே படியில் உட்கார்ந்தான். விகோவே முதலில் கேட்டார்.

“ஏன் அப்பவே வரலை நீ? டிக்கெட் குடுத்திருப்பாங்களே.”

“குடுத்தாங்க. எட்டாம் தேதி விமானம். ஏழாம் தேதி பஸ் ஸ்டாண்டுலேர்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன், நாளைக்கு வரேன்னு சொல்ல. மத்தியானம். பெர்சியோ மாமா எடுத்தாரு, அம்மாவைக் கூப்பிடறேன் இருன்னாரு. அந்தப் பக்கம் ரேடியோ ஓடுது. உங்க குரல். என் பேர்.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “எல்லாரும் கத்தறாங்க. அம்மா வந்து போனை வாங்கினாங்க. ‘ரெண்டு ஹிட்டுடா! கேட்டேன்டா!’ன்னு. அண்ணன் போன பிறகு அவங்க குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு ஒண்ணும் புரியலை. ரேடியோக்காரங்க யாரையோ தப்பாப் படிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். ஆமாம்மான்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு சொல்லிக்கலாம்னு டிக்கெட்டை வச்சுகிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு கூப்பிட்டப்பவும் நீங்க படிச்சுகிட்டுதான் இருந்தீங்க.”

விகோ முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

“உங்களைக் குத்திக்காட்டச் சொல்லலை மாமா. நானும் ஆமான்னுதானே சொன்னேன். உங்களை விட நான்தான் பெரிய பொய்க்காரன். யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணிச்சு, வேற யாருக்கு இது புரியும்?”

குழந்தை என் கையிலிருந்து இறங்கி, விகோவுக்கு இனி தேவைப்படாத இடது செருப்பை எடுத்து உருட்டி விளையாடத் தொடங்கியது. வில்ஃப்ரின் அதைத் தூக்கிக்கொண்டான். போகும்போது குனிந்து விகோவின் தலையில் கை வைத்தான். இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். அம்மாவின் வீட்டைப் பூட்டி, சாவியை பெர்சியோவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் போன மறுநாள் விகோ எனக்குச் சொல்லியனுப்பினார். அவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, என் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு, கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். கேட்டில் நிறுத்தினேன். உள்ளே போகலாம் என்றார். கசில்தாவின் கல்லருகே அவரை இறக்கிவிட்டு, ஊன்றுகோலைக் கையில் கொடுத்துவிட்டு விலகிவிட்டேன். காய்ந்த புல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கும் தூரத்தில் நிற்க எனக்கு மனம் இல்லை.

திரும்பி வரும்போது வழி முழுக்க அவர் நெற்றி என் முதுகில் பதிந்திருந்தது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது.

“எட்டாம் தேதி வந்திருப்பான் நூரிஸ்,” என்றார். “எட்டாம் தேதி.”

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். என்னிடம் மட்டும் பேசுவார், அதுவும் மழையைப் பற்றி, காலைப் பற்றி. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது நாற்காலியிலேயே போயிருந்தார். வில்ஃப்ரினுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் ரொட்டி அடுப்பின் இரைச்சல் கேட்டது. “சரிக்கா,” என்றான். கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தான், நானும் வைக்கவில்லை.